நரைத்த பிறகு செல்டா

ஐம்பதை ஒட்டிய வயதில் ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ் வாங்கி வெளிநாட்டில் வேலைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் “எந்தக் கோர்ஸ் நல்லது?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் திறக்க வேண்டியது போக நினைக்கும் நாட்டின் வேலை விசாப் பக்கம். அந்த விசா எந்தெந்த நாட்டுக் குடிமக்களுக்கு, பட்டம் கட்டாயமா, வயது வரம்பு உண்டா, சான்றிதழ் எத்தனை மணி நேரத்துக்கு இருக்க வேண்டும் என்று நான்கு விஷயங்களைப் பாருங்கள். இவற்றில் ஒன்று இடித்தாலும், செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் சான்றிதழில் ஏ கிரேடு வாங்கி வைத்திருப்பது உதவாது.

தென்கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்கான இ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஆங்கிலத்தில் எவ்வளவு புலமை இருந்தாலும் பாஸ்போர்ட்டின் நிறம் முதலில் பார்க்கப்படும். அங்கே பள்ளி ஆசிரியர்களின் ஓய்வு வயது 62 என்பதால், அரசுப் பள்ளி வேலைக்கு 58 வயதில் படிக்கத் தொடங்குபவருக்கு மிஞ்சும் காலம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சீனாவில் வேலை அனுமதிக்குப் பொதுவான உச்ச வயது 60. மொழி ஆசிரியர் தம் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. பட்டத்தோடு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். டெஃபல் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தல்) போன்ற சான்றிதழ் இருந்தால் அந்த அனுபவத்துக்கு விலக்கு கிடைக்கும். இன்னொன்று, பள்ளிப் பாடங்களுக்கான தனியார் டியூஷன் துறையை 2021 ஜூலையில் அந்த அரசு கடுமையாகச் சுருக்கிவிட்டது. “சீனாவில் வேலை கொட்டிக் கிடக்கிறது” என்று அதற்கு முன்னால் எழுதப்பட்ட கட்டுரைகளை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஜப்பானின் கதை வேறு. பள்ளிகளில் மொழி கற்பிப்பதற்கான விசா பிரிவில் குடியுரிமையைவிட முக்கியம், கற்பிக்கப் போகும் மொழியிலேயே 12 ஆண்டுகள் கல்வி பெற்றிருப்பது. பள்ளி முழுவதும் தாய்மொழி வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறியவர் இந்த இடத்தில் நின்றுவிடுவார். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கில வழியில் படித்தவருக்கு, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும், கதவு திறந்திருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்கப் பயிற்று மொழியைக் குறிப்பிடும் கடிதம் பள்ளியிலிருந்து வேண்டும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய பள்ளியிலிருந்து அதை வாங்குவது, நான்கு வாரச் சான்றிதழ்ப் பயிற்சியைவிட நீண்ட வேலையாகிவிடலாம். இன்றைக்கே கடிதம் எழுதுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இல்லாதவருக்கு அங்குள்ள மொழிப் பள்ளிகள் வேலை அனுமதி எடுத்துத் தருவது அரிது. வளைகுடாப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் முதுகலைப் பட்டமும் சில ஆண்டு அனுபவமும் கேட்கும். சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு அங்கே விண்ணப்பிப்பது வீண். இந்த விதிகளெல்லாம் மாறிக்கொண்டே இருப்பவை. தூதரகப் பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்து, பார்த்த தேதியையும் குறித்து வையுங்கள். கோர்ஸ் விற்பவர் சொல்லும் “அங்கெல்லாம் வயசு ஒரு பிரச்சினையே இல்லைங்க” என்ற வாக்கியத்தை அந்தப் பிடிஎஃப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டலாம்.

சான்றிதழ்

டெஃபல் என்பது யாருக்கும் சொந்தமான பெயரல்ல. யார் வேண்டுமானாலும் ஓர் இணையதளம் தொடங்கி, 120 மணி நேரம் என்று போட்டு, தானே உருவாக்கிய “சர்வதேச அங்கீகார அமைப்பின்” முத்திரையைக் குத்திக் கொடுக்கலாம், கொடுக்கவும் செய்கிறார்கள். எனவே இரண்டு கேள்விகள் கேளுங்கள். உண்மையான மாணவர்கள் முன்னால் நான் பாடம் எடுப்பதை ஒருவர் உட்கார்ந்து பார்த்து மதிப்பிடுவாரா? சான்றிதழைத் தருவது பயிற்சி நடத்தும் பள்ளியா, வெளியே இருக்கும் தேர்வு அமைப்பா?

இந்த இரண்டுக்கும் நல்ல பதில் உள்ளவற்றில் பரவலாக மதிக்கப்படுபவை இரண்டு: கேம்பிரிட்ஜின் செல்டா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட்டெசால். இரண்டும் இங்கிலாந்தின் தகுதி வரிசையில் நிலை 5. இரண்டிலும் 6 மணி நேரம் நிஜ வகுப்பு எடுக்க வேண்டும். செல்டாவில் பயிற்சி நேரம் குறைந்தது 120 மணி. வீட்டில் செய்யும் வேலை தனி. அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை 6 மணி நேரம் பார்க்க வேண்டும். எழுத்துப் பணி நான்கு, ஒவ்வொன்றும் 750 முதல் 1000 சொற்கள். டிரினிட்டியில் ஒரு அருமையான பகுதி உண்டு: முன்பின் தெரியாத ஒரு மொழியை அந்த மொழியிலேயே சில மணி நேரம் கற்பிப்பார்கள், நீங்கள் மாணவராக உட்கார்ந்து, என்ன புரிந்தது, எங்கே விழித்தீர்கள் என்று நாட்குறிப்பு எழுத வேண்டும். முப்பது ஆண்டுகளாக மாணவராக உட்காராதவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

முழுநேரப் பயிற்சி நான்கைந்து வாரம். பகுதிநேரம் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை போகும். என் கருத்தைக் கேட்டால், நீண்ட இடைவெளிக்குப் பிறகு படிப்பவர்கள் பகுதிநேரத்தை எடுப்பதே நல்லது. காரணம் புத்தி மந்தமாகிவிட்டது என்பதில்லை. நான்கு வாரப் பயிற்சியில் காலையில் வகுப்பு, பிற்பகலில் பாடம் எடுப்பு, பிறகு விமர்சனம், இரவு மறுநாள் பாடத் திட்டம் என்று நாள் ஓடும். மூன்றாவது வாரத்தில் எல்லாருக்கும் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்கு இறங்கிவிடும். இருபத்தைந்து வயதுக்காரர் அதைத் தாங்கிக்கொண்டு தப்பும் தவறுமாக நாளை ஓட்டுவார். ஐம்பத்தைந்தில் ஒரு இரவுத் தூக்கம் கெட்டால் அடுத்த இரண்டு நாளும் கெடும். அந்த இரண்டு நாளில் இரண்டு பாடம் எடுக்க வேண்டியிருக்கும். ஆன்லைனிலும் செல்டா படிக்கலாம். ஆனால் நேரில் வகுப்பெடுக்கப் போகிறவர் நேரடிப் பயிற்சியையோ பாதிக்குப் பாதி கலப்பையோ தேர்ந்தெடுக்க வேண்டும். கரும்பலகை முன் நிற்பதையும், பன்னிரண்டு பேரை இருவர் இருவராகப் பிரித்து நகர வைப்பதையும் ஜூமில் பழக முடியாது.

சேர்வதற்கு முன் மூன்று மாதம்

நேர்காணலுக்கு முன்பே ஒரு வினாத்தாள் தருவார்கள். அதில் திருக்குறளுக்கு உரை எழுதுவது மாதிரி நீளமாக எழுதத் தேவையில்லை. “ஐ ஸ்டாப்டு ஸ்மோக்கிங்”, “ஐ ஸ்டாப்டு டு ஸ்மோக்” என்று இரண்டு வாக்கியம் கொடுத்து வித்தியாசம் கேட்பார்கள். முதலாவதில் புகைப்பதையே விட்டாயிற்று. இரண்டாவதில் புகைப்பதற்காக வேறொரு வேலையை நிறுத்தினார். இதைச் சரியாகப் பேசுபவர்கள் ஏராளம். இரண்டே வரியில் எளிய ஆங்கிலத்தில் விளக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஏ1 முதல் சி2 வரை போகும் ஐரோப்பிய மொழித் திறன் அளவுகோலில் சி1-இன் மேல்பகுதி அல்லது சி2 இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை.

மூன்று மாதத்தில் செய்ய வேண்டியவை. கால வடிவங்கள் பன்னிரண்டின் பெயரையும் அமைப்பையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கோடு வரைந்து பழகுங்கள். ஆங்கிலத்தின் 44 ஒலிகளுக்கான குறியீட்டு அட்டவணையை எடுத்து, தினம் ஐந்து சொற்களை அந்தக் குறியீட்டில் எழுதுங்கள். ஸ்லைடு செய்வது, ஒரு கோப்பைப் பகிர்வது, இரண்டு பத்தியில் பயிற்சித்தாள் அமைப்பது ஆகிய மூன்றும் கை தட்டெழுதும் வேகத்தில் வர வேண்டும். மூத்தவர்கள் பயிற்சியின்போது இரவு ஒரு மணி வரை விழித்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இலக்கணம் அல்ல, கணினிக் கோப்பில் நகர மறுக்கும் ஒரு டேபிள்தான்.

உச்சரிப்பில் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி ஷ்வா என்ற, அழுத்தம் இல்லாத மெலிந்த ஒலி. எல்லா அசைக்கும் சம எடை கொடுத்துப் பேசிப் பழகிய நமக்கு அதுதான் கடினம். “போட்டோகிராஃப்” என்பதில் முதல் அசையில் அழுத்தம். “ஃபோட்டோகிராஃபர்” என்றால் அழுத்தம் இரண்டாவதுக்கு நகர்ந்து, முதல் அசை தேய்ந்துபோகும். “ஐ கேன் ஸ்விம்” என்பதில் “கேன்” முழுதாக ஒலிக்காது, “க்ன்” என்று சுருங்கும். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு கைப்பிடி இருக்கிறது: குற்றியலுகரம். “பாக்கு” என்பதன் கடைசி உகரத்தை நாம் ஒரு மாத்திரைக்கு இழுப்பதில்லை, அரை மாத்திரையில் விட்டுவிடுகிறோம். ஷ்வாவும் உகரமும் வேறுவேறு ஒலிதான். ஆனால் ஓர் உயிரைக் குறைத்து ஒலிப்பது என்ற செயல் வாய்க்குப் புதிதல்ல என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

நாற்பத்தைந்து நிமிடம்

ஆறு மணி நேரப் பாட எடுப்பு பொதுவாக 45 நிமிடம் வீதம் எட்டு வகுப்பாகப் பிரிக்கப்படும். குறைந்தது இரண்டு நிலை மாணவர்களுக்கு எடுக்க வேண்டும், பாதியில் மாற்றுவார்கள். இங்கேதான் மூத்தவர்கள் வழக்கமாக ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். அவர்களுக்கு விளக்கத் தெரியும். அலுவலகத்தில் விளக்கியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறார்கள். மாணவர் முகத்தில் சந்தேகம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் விளக்குவார்கள். பயிற்சி தந்து மதிப்பிடும் டியூட்டர் பின்வரிசையில் உட்கார்ந்து யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று குறித்துக்கொண்டிருப்பார்.

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். “யூஸ்டு டு”, அதாவது முன்பு வழக்கமாகச் செய்து இப்போது செய்யாதது. நேரப் பங்கீடு இப்படி அமையலாம்: அறிமுகப் பேச்சு 4 நிமிடம், அந்த வடிவம் வரும் சிறிய உரை 6, பொருளைத் தெளிவுபடுத்துவது 6, வடிவமும் உச்சரிப்பும் 6, கட்டுப்பட்ட பயிற்சி 8, மாணவர்கள் தங்களுக்குள் சுதந்திரமாகப் பேசுவது 11, கேட்ட தவறுகளைப் பலகையில் திருத்துவது 4. பாடம் பத்து மணிக்கு என்றால் 10:22-க்குள் ஆசிரியர் பலகையை விட்டு நகர்ந்திருக்க வேண்டும். திட்டத்தில் “6 நிமிடம்” என்று எழுதாதீர்கள். “10:16 – 10:22” என்று கடிகார நேரமாக எழுதுங்கள். பதற்றத்தில் கழித்தல் கணக்குப் போட முடியாது. விளக்கம் நீண்டுவிட்டால் வெட்டுப்படுவது எப்போதும் அந்த 11 நிமிடம்தான். ஆனால் மாணவர் கற்றாரா என்று டியூட்டருக்குத் தெரியும் இடமும் அதுதான். எனவே கட்டுப்பட்ட பயிற்சியில் எட்டு கேள்வி இருந்தால் கடைசி நான்கை “நேரமிருந்தால்” என்று முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

பொருளைத் தெளிவுபடுத்தும் அந்த ஆறு நிமிடத்தில் நடக்க வேண்டியது இது. பலகையில் “ஐ யூஸ்டு டு ஸ்மோக்” என்ற ஒரே வாக்கியம். பிறகு மூன்று கேள்விகள். இப்போது புகைக்கிறேனா? இல்லை. முன்பு புகைத்தேனா? ஆம். ஒரு தடவையா, பல தடவையா? பல தடவை. முடிந்தது. கேள்வியில் “யூஸ்டு டு” என்ற சொல் வரவே கூடாது; கற்பிக்கும் சொல்லை வைத்தே அதைச் சோதித்தால் மாணவர் அதையே திருப்பிச் சொல்லித் தப்பித்துவிடுவார். “புரிந்ததா?” என்று கேட்பது அதைவிட மோசம். உலகில் எந்த வகுப்பிலும் அதற்கு ஒரே பதில்தான் வரும். உச்சரிப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது: எழுத்தில் “டி” இருந்தாலும் பேச்சில் “யூஸ்டு டு” ஏறக்குறைய “யூஸ்ட” என்று ஒரே மூச்சில் போய்விடும். எதிர்மறையில் “டிடின்ட் யூஸ் டு” என்று எழுத்தில் அந்த “டி” உதிர்ந்துவிடும். எதிர்பார்க்கும் சிக்கல்கள் என்று திட்டத்தில் ஒரு கட்டம் இருக்கும். இந்த இரண்டையும் அங்கே எழுதி, பக்கத்தில் தீர்வையும் எழுத வேண்டும்.

தாளைக் கொடுத்துவிட்டு விதிமுறை சொல்லாதீர்கள். தாள் கைக்கு வந்ததும் எல்லாரும் அதைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் குரல் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிடும். தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் காட்டி, ஒரு வாக்கியத்தில் வேலையைச் சொல்லி, “எழுதணுமா, பேசணுமா? தனியாகவா, ஜோடியாகவா?” என்று கேட்டு, பதில் வந்த பிறகு கொடுங்கள். மாணவர் சொன்ன பதிலைக் கிளிப்பிள்ளை மாதிரி நீங்கள் திரும்பச் சொல்வதையும் நிறுத்துங்கள். ஆசிரியர் மறுபடி சொல்வார் என்று தெரிந்தால் சக மாணவர் பேசுவதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் உங்களைவிட இருபது வயது குறைந்த டியூட்டர், உடன் பயிற்சி பெறுபவர்கள் முன்னிலையில், தவறுகளைச் சொல்வார். அப்போது ஏன் அப்படிச் செய்தேன் என்று நியாயம் பேசுவதில்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். தன் பாடத்தைத் தானே எடைபோடத் தெரிகிறதா என்பதும் அங்கே அளக்கப்படுகிறது. “பொருள் விளக்கம் பன்னிரண்டு நிமிடம் ஓடிவிட்டது, அதனால் பேச்சுப் பயிற்சி மூன்று நிமிடத்தில் முடிந்தது, அடுத்த முறை உரையைச் சுருக்குவேன்” என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அவருக்குச் சொல்ல அதிகம் இருக்காது. பாதிக் கட்டத்தில் ஒரு தனிச் சந்திப்பு உண்டு. தேறுவது சந்தேகம் என்றால் எழுத்தில் எச்சரிப்பார்கள். அது வந்தால் கதை முடிந்தது என்று பொருளல்ல. எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற பட்டியல் அதிலேயே இருக்கும்.

எழுத்துப் பணி தேறாவிட்டால் ஒருமுறை திருத்தித் தரலாம். நான்கில் நம்மவர்களுக்குச் சாதகமானது ஒரு மாணவரை ஆராய்ந்து எழுதும் பணி. தாய்மொழி எங்கே குறுக்கிடுகிறது என்று காட்ட வேண்டும். “பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்” என்று நிகழ்காலத்தில் சொல்லும் மொழிக்காரர் ஆங்கிலத்திலும் “ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்” என்றுதான் முதலில் சொல்வார். இதை உள்ளிருந்து அறிந்தவர் எழுதும் பகுப்பாய்வு தனியாகத் தெரியும். ஆனால் பொதுவாக எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; அந்த மாணவர் சொன்ன வாக்கியம், எழுதிய தாள் என்று சான்று வேண்டும்.

காகிதங்கள், வேலை

ஆவணங்களில் வரிசை முக்கியம். பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் முதலில், ஏனென்றால் பழைய பல்கலைக்கழகம் நகல் தர மாதங்கள் ஆகும். சான்றிதழில் முதலெழுத்தோடு பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோ கணவர் பெயரோ விரிந்து இருந்தால், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் அப்போஸ்டிலுக்கு முன்பே தயாராக வேண்டும். அப்போஸ்டில் என்பது, ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று காட்ட, 1961 ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு இடையே செல்லும் ஒற்றை முத்திரை. சீனாவில் அது 2023 நவம்பர் 7 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வழிகாட்டிகள் தூதரகச் சான்றொப்பம் பற்றிப் பேசுவது அதனால்தான். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழைக் கடைசியில் வாங்குங்கள். அதன் ஆயுள் சில மாதங்களே. முதலில் வாங்கி வைத்தால் மற்றவை சேர்வதற்குள் காலாவதியாகிவிடும்.

குழந்தைகளுக்கான பள்ளிகள்தான் அதிகம் ஆள் எடுக்கின்றன. ஆனால் தரையில் உட்கார்ந்து எழுந்து, பாடி, குதித்து வாரம் 25 வகுப்பு எடுக்க முழங்கால் சம்மதிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூத்தவரின் உண்மையான சரக்கு முந்தைய தொழிலில் இருக்கிறது. செவிலியராக இருந்தவர், 12 மருத்துவத் தொழில்களுக்கு நடத்தப்படும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி தரலாம். விமானத் துறையில் இருந்தவருக்கு, விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் எட்ட வேண்டிய ஐசிஏஓ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) மொழித் திறன் நிலை 4 என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. கப்பலில் இருந்தவர்களுக்கு 2001-இல் ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) ஏற்ற கடல்சார் தகவல்தொடர்புச் சொற்றொடர்கள் நாவில் இருக்கும். கணக்காளர் வணிக ஆங்கிலம் எடுக்கலாம். இந்த வகுப்புகளில் நரை ஒரு குறையாகத் தெரியாது. விண்ணப்பத்தில் சான்றிதழை மேலே போட்டு, முப்பது ஆண்டுத் தொழிலை “இதர அனுபவம்” என்று கடைசியில் ஒதுக்குபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஒப்பந்தத்தில் “25 மணி நேரம்” என்றால் வகுப்பு நேரமா, பள்ளியில் இருக்க வேண்டிய நேரமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரியவர்களுக்கான பள்ளிகளில் காலை ஏழுக்கு ஒரு வகுப்பும் இரவு எட்டுக்கு ஒரு வகுப்பும் இருக்கலாம். நடுவில் உள்ள பகல் சம்பளத்தில் சேராது. சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் பள்ளிக்குப் போகாதீர்கள். பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும் ஆசிரியருக்கு.

மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் சேருமா என்று பாருங்கள். மாத்திரைகளின் வணிகப் பெயரை விட்டுவிட்டு மருந்துப் பெயரோடு மருத்துவரின் கடிதம் வாங்குங்கள். வெளிநாட்டு மருந்துக் கடையில் வணிகப் பெயர் எடுபடாது. சில நாடுகளில் சாதாரண வலி மாத்திரையில் உள்ள கோடீன்கூடக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். ஜப்பானுக்கு ஒரு மாத அளவுக்கு மேல் மருத்துவர் எழுதிய மாத்திரை கொண்டுபோவதென்றால் யுன்யு காகுனின்ஷோ என்ற முன் அனுமதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு விமானம் ஏறும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.